கவிழ்த்து வைத்த தட்டு

வாடகைக் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

"உள்ள வண்டி திரும்பாதும்மா" என்றான் ஓட்டுநர். லாரியே திரும்புகிற தெரு அது. அவளுடைய புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டு வாசல்வரை கொண்டுவந்துதான் நிறுத்துவான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றியது முதல் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, வழி நெடுகத் தலையை வெளியே நீட்டியே மூச்சு விட்டுக்கொண்டு வந்தவனிடம் என்ன வாதாடுவது? வாதாட அவளுக்குக் குரலும் இல்லை. நெஞ்சில் வந்த காசநோய் தொண்டைவரை ஏறி, போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு கிசுகிசுப்பு. பக்கத்தில் வந்து காது கொடுத்தால் கேட்கும். பக்கத்தில் யார் வருகிறார்கள்!

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெயில் இறங்காத பிற்பகல். தெருவுக்கு அவள் பேக்கரிக்காரி. முனைக் கடையில் மாவு பிசைந்து, அடுப்பிலிருந்து தட்டு தட்டாக பன் எடுத்தவள். உடைந்த பன்னைக் காகிதத்தில் சுருட்டி இந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத நாளில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போது ஒவ்வொருவராக வாசலிலிருந்து உள்ளே நகர்ந்தார்கள். யாரும் கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாக, அவள் மனம் புண்படக் கூடாதே என்பதுபோலச் சாத்தினார்கள். அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவள் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புறப்படும்போது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மனசு முழுக்க இருந்தது. "உங்ககிட்டேர்ந்து இனி யாருக்கும் ஒட்டாது. தைரியமா போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்க." அந்தப் பிள்ளைக்காகத்தான் கசந்த மாத்திரையை எல்லாம் விழுங்கினாள். ஆறு வயது. ஓரிடத்தில் உட்காராததால் வீட்டில் பெயரே வாலு. பேனுக்குப் பயந்து பாட்டி ஒட்ட வெட்டிவிட்ட முடியுடன் ஆம்பளைப் பையன் மாதிரி இருப்பாள். அம்மா உட்கார்ந்தால் போதும், ஓடிவந்து இடது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் கதையே ஆரம்பிப்பாள்.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள்.

"அங்கேயே நில்லு. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கமா வா."

"அத்தை, டாக்டர் வந்து…"

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. வீட்ல குழந்தை இருக்கு."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒட்ட வெட்டிய தலை ஒன்று எகிறிக் குதித்தது. "அம்மா! அம்மா வந்துட்டா!" மாமியார் உள்ளே கையை நீட்டி இழுத்தாள். ஜன்னல் காலியானது.

கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, மதிலை ஒட்டினாற்போல் ஓர் அறை. அதற்குள்ளேயே இடுப்பளவு தடுப்புச் சுவருக்கு அப்பால் குழாயும் குளிக்கிற இடமும். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைப் பிடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பழைய தலையணை உறையைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. ஒரு கட்டில், ஒரு கயிற்றுக் கொடி, ஒரு அலுமினியத் தட்டு.

மாமியார் துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஒழுங்குமுறையைச் சொன்னாள். சாப்பாடு வாசலில் வரும். கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். அவள் போன பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

"கவிழ்ந்திருந்தா நல்லா இருக்கேன்னு நான் புரிஞ்சுக்குவேன். கதவைத் தட்டி விசாரிச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது. மூத்தவளும் இப்படித்தான் இருந்தா. ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல."

மூத்தவள் என்றால் புருஷனுடைய அண்ணன் மனைவி. பேக்கரிக்காரி இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே இறந்துபோனவள். ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மூத்தவளுக்கும் இதே நோய்தான் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாமியாரைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேளை தவறாமல் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பியவள். தட்டில் கறித்துண்டு பெரிதாகத்தான் விழும். ஆனால் தட்டை வைத்துவிட்டுப் போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும், பின்னால் நாய் துரத்துகிற மாதிரி. புருஷன் வந்தான். கொடியில் தொங்கிய போர்வைக்கு மறுபுறம் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்படி இருக்க?" என்று தன் கால் கட்டைவிரலைக் கேட்டான். முன்பெல்லாம் அவளோடு ஒரே தம்ளரில் டீ குடித்தவன். "அம்மா மனசு நோகாம கொஞ்ச நாள் இரு. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லாரி ஏறிவிட்டான். பேக்கரி முதலாளி அவளுடைய மேலங்கியைத் திருப்பி அனுப்பியிருந்தார், பாலிதீன் பையில் போட்டு, அதை இன்னொரு பாலிதீன் பையில் போட்டு. அன்று அந்தப் பையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மற்ற நேரமெல்லாம் கதவோரம் தரையில் உட்கார்ந்து வாலுவின் சத்தத்தைக் கேட்பதே வேலை. சிறுக்கி முற்றத்தில் ஓடுவாள், பொம்மையைத் திட்டுவாள், பாட்டியிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பகலில்தான் சுவரைக் கவனித்தாள். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரில், உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில், எண்ணெய்க் கறை. கறுத்துப் பிசுபிசுத்து, சுண்ணாம்பைத் தாண்டி ஊறியிருந்தது. யாரோ இதே இடத்தில், இதேபோல், கதவுக்கு வெளியே கேட்கிற வீட்டைக் கேட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஈரமாக இருந்தது.

இருமல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வாயில் துணியைத் திணித்துக்கொண்டு இருமுகிற இருமல். வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று உடம்பையே மடித்து அமுக்குகிற இருமல். அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். நோய் பிடித்த புதிதில் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் அப்படித்தான் இருமுவாள். முதலில் தன் மூச்சுத்தான் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். அப்புறம் ஒரு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

இருமல் நிற்கவில்லை.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தாள். குழாயடியில் யாரும் இல்லை. பட்டப்பகல் வெளிச்சம் ஈரத் தரையில் விழுந்திருந்தது.

மறுநாள் வாலு துவைக்கிற கல்வரை வந்து நின்றாள். அதுதான் அவளுக்குப் போட்ட எல்லை.

"அம்மா, கூப்பிட்டியே, ஏன்?"

"நான் கூப்பிடலையே, கண்ணு." கதவிடுக்கு வழியாகச் சொன்னது பிள்ளைக்குக் கேட்டதோ என்னவோ.

"கூப்பிட்டே. 'இங்க வா, பக்கத்துல வா'ன்னு. பாட்டி திட்டுவான்னு நான் வரல." கொஞ்சம் யோசித்து, "உன் குரல் நல்லாயிடுச்சா, அம்மா? சத்தமா கூப்பிட்டியே" என்றாள்.

அவள் திரும்பித் தடுப்புச் சுவரைப் பார்த்தாள்.

மருந்து கொடுத்து உடம்பைப் பார்த்துப் போக ஒரு நர்ஸ் வருவாள். வயதானவள், வாயாடி. அந்த வீட்டில் அறைக்குள் நுழைந்து கட்டிலில் உட்காருகிற ஒரே ஆள். அடுத்த முறை வந்தபோது பேக்கரிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூத்தவளைப் பற்றிக் கேட்டாள். நர்ஸ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரியிலன்னா சொன்னாங்க? இந்த ரூம்லதான்மா செத்தா. இந்த நோயிலயும் சாகல. நோய் சுத்தமா போயிடுச்சு. நானே வந்து சொன்னேன், இனி ஒட்டாது, வீட்டுக்குள்ள சேர்த்துக்குங்கன்னு. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு தள்ளிக்கிட்டே போனாங்க. அப்ப அவளுக்கு ஏதோ ஒரு ஜுரம். வெறும் ஜுரம். தண்ணி கொடுக்க ஆளிருந்தா பிழைச்சிருப்பா."

"யாரும் பார்க்கலையா?"

"தட்டு வெளிய கவிழ்ந்திருந்துச்சாம். தினமும், மூணு வேளையும். அதனால இருக்கான்னே நெனச்சிருக்காங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "வாடை வந்தப்புறம்தான் கதவைத் திறந்தாங்க. செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஒரு வாரமும் தட்டு கவிழ்ந்துதான் இருந்திருக்கு."

"அப்ப தட்டை…"

"என்னைக் கேக்காத. நான் படிச்ச படிப்புல அதுக்குப் பதில் இல்ல."

அன்றிலிருந்து பயம் இருந்தது. பொய் சொல்வானேன், தூக்கமே போயிற்று. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. இருமல் கேட்கும்போதெல்லாம், 'வாயைப் பொத்தாம இருமுங்க அக்கா, இங்க என்ன, நான்தானே இருக்கேன்' என்று சொல்லத் தோன்றும். ஒரு தடவை சொல்லியும்விட்டாள்.

இருமல் சட்டென்று நின்றுவிட்டது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போல் இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். குழாயடிப் பாசியில் கால் வழுக்கியது ஒரு மதிய நேரம். விழுந்த வேகத்தில் தொடை எலும்பு உள்ளே முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தினாள். காற்றுத்தான் வந்தது. நகரப் பார்த்தாள், வலியில் கண் இருட்டிக்கொண்டு போனது. சரி, சாயங்காலம் தட்டு வரும், எடுக்காவிட்டால் சந்தேகம் வந்து பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

டங். டங்.

மாமியாரின் காலடி ஓடி மறைந்தது.

கதவு திறந்தது.

தடுப்புச் சுவர் மறைத்தது. சுவர் முடிகிற இடத்தில், தரையை ஒட்டி, கொஞ்சம் மட்டும் தெரிந்தது. இரண்டு பாதங்கள் போயின. வெடித்த குதிகால்கள், வெகுநாள் தண்ணீரில் ஊறியதுபோல் வெளிறிய விரல்கள். கட்டிலோரம் உட்காரும் சத்தம். பிறகு சாப்பிடும் சத்தம். பசித்த பசி, விரலை நக்கி, தட்டை வழித்து, ஒரு பருக்கை விடாமல். பாதங்கள் குழாய்க்கு வந்தன. அவள் கைக்குச் சற்றே எட்டாத தூரத்தில் தண்ணீர் கொட்டியது. கையை மட்டும் அவள் பார்க்கவில்லை. அதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வாசலில் தட்டு கவிழும் ஒலி கேட்டது.

"நல்லா சாப்பிட்டிருக்காளே" என்று தூரத்தில் மாமியார் சொன்னாள். திருப்தியாகச் சொன்னாள்.

காலையிலும் அதேதான் நடந்தது. அதற்குள் அவளுக்கு நாக்கு உலர்ந்து, உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் வாலு பாடிக்கொண்டு ஓடினாள். இத்தனை கிட்டத்தில் பிள்ளை, இத்தனை கிட்டத்தில் வீடு. இப்படியே போனால் மூத்தவளைப் போல வாடை வந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அந்தப் பிள்ளையை ஒரு தடவை நெஞ்சோடு அணைக்காமலேயே போய்விடுவோமோ என்ற நினைப்பு வந்ததும், பயம் எங்கோ போய்விட்டது.

"அக்கா" என்றாள்.

அறை நிசப்தமாயிற்று.

"அக்கா, இந்த ஒரு வேளை சாப்பிடாதீங்க. தட்டு அப்படியே இருக்கட்டும். அப்பதான் வருவாங்க."

பிறகு காதருகே, மிக அருகே, குளிர்ந்த மூச்சு.

"வர மாட்டாங்க."

"என் பொண்ணு வருவாக்கா."

"நானும் வருவாங்க வருவாங்கன்னுதான் இருந்தேன். தட்டை எடுக்காட்டி கோச்சுக்குவாங்கன்னுதான் எடுத்தேன். ஜுரத்துலயும் எடுத்தேன். அப்புறமும் எடுத்தேன்."

அதற்கு மேல் பேக்கரிக்காரியால் தாங்க முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "பசிக்குதாக்கா?" என்று கேட்டாள். துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மதியம் தட்டு வந்தது. கதவு திறக்கவில்லை. ஈ மொய்க்கிற ஓசை உள்ளேவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமியார் வந்து கல்லருகே நின்றாள்.

"ஏன்டி, சாப்பிடலையா? என் மேல இருக்கற கோபத்தை சாப்பாட்டு மேல காட்டாத." பதிலுக்குக் காத்துப் பார்த்தாள். "பசிச்சா தானா எடுப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வர மாட்டாங்க. மூத்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது சின்னக் காலடி ஒன்று, கல்லைத் தாண்டி, தயங்கித் தயங்கி வந்தது. "அம்மா… தட்டுல எறும்பு வந்துடுச்சு."

கதவு தானாக விரியத் திறந்தது. முற்றத்து வெயில் தடுப்புச் சுவர்வரை வந்து விழுந்தது. நிலைப்படியில் வாலு நின்று, சுவர் முடிகிற இடைவெளி வழியாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள், பாட்டி சொல்லிக்கொடுத்தபடி.

"ஏம்மா தரையில படுத்திருக்க?"

அவள் கையை நீட்டினாள். "வா கண்ணு. அம்மாகிட்ட வா."

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். கண் நிறைந்தது. கால் முன்னே வந்து, பின்னே போனது. "தொட்டா எனக்கும் ஊசி போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. சத்தியமா."

வாலு பொத்திய கைக்குள்ளேயே விசும்பினாள். திரும்பி ஓடினாள். "பாட்டி! அம்மா விழுந்து கிடக்கறா!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஓடினாள். உயிரைக் காப்பாற்றியது அந்தக் கத்தல்தான். ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நர்ஸும் ஆம்புலன்ஸ் ஆளும்தான் அவளைத் தூக்கினார்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். "கவிழ்ந்துதானே இருந்துச்சு… நேத்து சாயங்காலமும், இன்னிக்குக் காலையிலயும் கவிழ்ந்துதானே இருந்துச்சு…"

நர்ஸ் நின்று அவளைப் பார்த்தாள். "அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க, பெரியம்மா."

கட்டுப் போட்டுத் திரும்பி வந்தபோது அவளுக்கு முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அன்பு பெருகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். நோய்க்குப் பயந்த வீடு இப்போது பேய்க்குப் பயந்தது, அவ்வளவுதான். கொல்லை அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. புருஷன் முன்னறையிலேயே எதிர்மூலையில் படுத்தான். மாமியார் தட்டைக் கையில் கொடுத்தாள், கொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வாலு நிலைப்படியில் உட்கார்ந்து பேசுவாள், சிரிப்பாள், பல் விழுந்ததைக் காட்டுவாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் மட்டும் வர மாட்டாள். பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். பிள்ளை மனசில் ஏற்றிய பயத்தை யார் இறக்குவது?

கட்டுப் பிரித்த பிறகு, ஒரு பிற்பகல், தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் கடைக்குப் போயிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் மங்கலாக இருந்தது. கண் லேசாகச் சொக்கியது.

இடது தோளில் ஒரு தலை வந்து சாய்ந்தது.

அவள் மூச்சுவிடவில்லை. திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று திரும்பவும் இல்லை. நெஞ்சு பொங்கி வந்தது. எத்தனை நாள் ஏக்கம்! தோளின் கனத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, மெல்லக் கையை உயர்த்தித் தலையைத் தடவினாள்.

நீளமான கூந்தல். தடவத் தடவ முடிவில்லாமல் தரைவரை இறங்கியது. குளிர்ந்து, ஈரமாக இருந்தது.

கை நின்றது. ஆனால் அவள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? தான் தொட்டால் சுருங்கி விலகுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவள் அவள். மறுபடியும் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. வாலு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் பார்வை அம்மாவின் முகத்தில் இல்லை, தோளில் இருந்தது. பயந்த மாதிரியும் தெரியவில்லை. உதடு பிதுங்கி, இதோ அழப்போகிறேன் என்கிற முகம்.

"அவங்கள எந்திரிக்கச் சொல்லும்மா. அது என் இடம்."

"வா கண்ணு" என்று அவள் மற்றக் கையை நீட்டினாள். "நீயும் வா."

வாலு நீட்டிய கையைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். அழுதாள். ஆனால் நிலைப்படியைத் தாண்டிக் கால் வைக்கவில்லை.

தோளில் இருந்த தலை இன்னும் கொஞ்சம் அழுந்தச் சாய்ந்தது.